கேள்விக்குறியை அழிக்காதீர்கள்

கேள்வி: சென்ற ஆவணியில் என் அத்தை காலமானார். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, என்னை வளர்த்தது அவர்தான். திருநகர் வீட்டில் அவருடைய அறை முழுவதும் உலர்ந்த செடிகளை ஒட்டிய தாள்கள். எண்ணிப் பார்த்தேன், 940 இருக்கின்றன. இருபத்திரண்டு நோட்டுகளும் உண்டு. கடைசி நோட்டு முழுவதும் வீட்டு வாசலில் நிற்கும் சரக்கொன்றை மரத்தைப் பற்றியது. வரும் வைகாசியில் வீட்டை விற்கிறோம். "யாராவது கேட்டால் கொடு, இல்லையென்றால் எடைக்குப் போடு" என்கிறார் அண்ணன். அத்தையின் மாணவிகள் மார்பளவுச் சிலை வைக்கப் பணம் திரட்டுகிறார்கள். செடிகளின் பெயர்களை இணையத்தில் சரிபார்த்தபோது பத்துக்கு நான்கு தவறாக இருப்பதைக் கண்டேன். வெளியே கொடுப்பதற்கு முன் அவற்றைத் திருத்திவிட நினைக்கிறேன். அத்தையை யாரும் குறைவாகப் பேசிவிடக் கூடாது. ஆனால் ஒரு கட்டைப் பிரித்தாலே அழுகை வந்துவிடுகிறது, வேலை நகரவில்லை. அவரை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? ஐந்து படங்களும் தாள்களின் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, திருநகர், மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

திருத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் பேனாவை மூடி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் ஆவாரை. அத்தை லேபிளில் 'காசியா ஆரிகுலேட்டா' என்று எழுதியிருக்கிறார். நீங்கள் பக்கத்தில் பென்சிலால் 'தவறு, சென்னா' என்று குறித்திருக்கிறீர்கள். அது தவறில்லை அம்மா. அவர் எழுதிய 1979இல் நம் கல்லூரிகளில் அந்தச் செடியின் பெயர் அதுதான். பிறகு காசியா என்ற பெரிய கூட்டுக்குடும்பத்தைப் பிரித்தபோது ஆவாரை சென்னாவின் பங்குக்குப் போனது. உங்கள் வாசலில் நிற்கும் சரக்கொன்றை பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. இன்றும் அது காசியா ஃபிஸ்துலாதான். இரண்டாம் படத்துக் கருவேலமும் இப்படித்தான். அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுப்பது என்று 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாடு முடிவு செய்தது. அதன் பிறகு நம் கருவேலம் வச்செல்லியா ஆகிவிட்டது. ஊர் கூடிப் பெயரை மாற்றியதற்கு அத்தை என்ன செய்வார்?

மூன்றாம் படம் கீழாநெல்லி. 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று எழுதியிருக்கிறார். இன்று நாம் அதை 'அமாரஸ்' என்கிறோம். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஆனால் ஒரு தலைமுறைக்கு இந்திய மருந்து நூல்களும் பாடப்புத்தகங்களும் கீழாநெல்லியை நிரூரி என்றே எழுதின. நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் தேர்வில் எழுதினேன்.

நான்காம் படத்தில் இருக்கும் கோரை மட்டும் உண்மையான தவறு. கோரைகளுக்குப் பெயர் வைக்க முற்றிய கனி வேண்டும். கடுகை விடச் சிறிய அந்தக் கனியின் வடிவத்தையும் மேல்தோலையும் லென்ஸில் பார்க்காமல் யாரும் துணிந்து சொல்லக் கூடாது. இந்தத் தாளில் பூங்கொத்து பிஞ்சாக இருக்கிறது. அத்தை அன்று அவசரப்பட்டிருக்கிறார். வண்டியூர்க் கண்மாய், 1983 டிசம்பர் என்று தேதி இருக்கிறது. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையில் முழங்கால் சேற்றில் நின்றவருக்கு அவசரம் வராமல் இருக்குமா?

தவறு என்று தெரிந்தாலும் அதை அடிக்கக் கூடாது. உலர்ந்த செடித் தாள்களைக் காக்கும் ஹெர்பேரியத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய லேபிளில் யாரும் கை வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு சிறு சீட்டை ஒட்டி, அதில் புதிய பெயர், அதைச் சொன்னவர் பெயர், ஆண்டு மூன்றையும் எழுதுவோம். அடுத்து வருபவர் அதையும் ஏற்காவிட்டால் அதன் கீழே இன்னொரு சீட்டு ஒட்டுவார். வெள்ளைக்காரர் காலத்துத் தாள் ஒன்றில் ஐந்து சீட்டுகளை எண்ணியிருக்கிறேன். நூறு ஆண்டுகளில் ஐந்து பேர் அந்த ஒரு செடிக்காக உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் எழுதியவரை அவர்களில் ஒருவரும் குறைவாக நினைக்கவில்லை.

இதைப் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், என் ஆசிரியரின் பழைய லேபிள்கள் அழுக்காக இருக்கின்றன என்று நானாகவே எல்லாவற்றையும் புதிதாகத் தட்டச்சு செய்து ஒட்டினேன். பழையவற்றைக் கிழித்துப் போட்டேன். ஒரு லேபிளின் ஓரத்தில் அவர் பென்சிலால் 'பால் வந்தது' என்று குறித்திருந்தாராம். உலர்ந்த செடியில் பால் ஏது? பறித்த நேரத்தில் பார்த்தவர் எழுதினால்தான் உண்டு. அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்க் குப்பைக்கூடையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. நாற்பது ஆண்டுகளாகியும் அந்தக் கூடை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதனால் உங்கள் பென்சில் குறிப்புகளை அழிக்கவும் வேண்டாம். அவற்றுக்குக் கீழே உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். அவையும் இனி அந்தத் தாளின் வரலாறு.

ஐந்தாவது படத்துக்கு வருவதற்கு முன் அவசரமான ஒன்று. இது ஐப்பசி, அடைமழைக் காலம். பூட்டிய அறையில் ஈரம் ஏறினால் ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கட்டுகளைத் தரையிலிருந்து பலகைக்கோ கட்டிலுக்கோ மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை இல்லாத பகலில் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கச் செடிகளைப் பாதரசக் குளோரைடு கரைத்த ஸ்பிரிட்டில் நனைத்துத்தான் ஒட்டுவோம். அது கடும் விஷம். ஐம்பது ஆண்டு ஆனாலும் தாளைவிட்டுப் போகாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்துகொள்ளுங்கள். தாளைத் தட்டித் தூசி உதறாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அந்த அறைப் பக்கமே விடாதீர்கள்.

இராமபாணப் பூச்சியோ சிறு பழுப்பு வண்டோ தென்பட்டால் மருந்து அடிக்க வேண்டாம். அந்தக் கட்டை மட்டும் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, ஆய்வகத்தில் உறைபெட்டி வைத்திருக்கும் ஏதாவது கல்லூரியில் கேட்டு, மைனஸ் 20 டிகிரியில் பத்து நாள் வைத்து எடுங்கள். சமையலறை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. எடுத்த பிறகு ஒரு முழு நாள் உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் தாளில் வியர்த்துவிடும். லேமினேஷன், செலோடேப் இரண்டும் வேண்டாம். அன்பு மிகுதியால் லேமினேஷன் செய்து கெடுத்த தாள்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். செடிகளை மடித்து வைத்த பழைய செய்தித்தாள்களையும் வீசிவிடாதீர்கள். லேபிள் விழுந்துபோன ஒரு செடி, அதைச் சுற்றியிருக்கும் நாளிதழின் தேதிக்கு முன் அந்தத் தாளுக்குள் வந்திருக்க முடியாதல்லவா? அந்த அளவுக்காவது காலம் தெரியும்.

தாள்களையும் நோட்டுகளையும் மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு லேபிளிலும் ஓர் எண் இருக்கும். அதே எண் நோட்டில் இருக்கும். லேபிளில் இடமில்லாமல் விட்டதெல்லாம் நோட்டில்தான் கிடக்கிறது: பூவின் நிறம், மணம், எந்த ஆடு தின்றது, எது தின்னவில்லை, அந்த ஊரில் அதற்கு என்ன பெயர், அதைச் சொன்னவர் யார். தாள் ஓர் ஊருக்கும் நோட்டு இன்னோர் ஊருக்கும் போனால் இரண்டும் ஊமையாகிவிடும். கட்டுகளை இடம் மாற்றுவதற்கு முன் அறையை அப்படியே படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுக்கு மேல் எந்தக் கட்டு இருந்தது என்பதிலும் அவருடைய கணக்கு ஒன்று இருந்திருக்கும்.

எங்கே கொடுப்பது? கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் பாதிரியார் கே. எம். மேத்யூ தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. தமிழகச் சமவெளித் தாவரங்களுக்கு அதைவிட நெருங்கிய வீடு கிடையாது. இரண்டு இடங்களுக்கும் எழுதுங்கள். மொத்தம் எத்தனை தாள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த மலைகள், நோட்டுகள் உண்டு என்று ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். நோட்டுகளைத் தாள்களோடு சேர்த்து வைக்க முடியுமா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் மூல நோட்டைக் கொடுக்கும் முன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஒரு பிரதியாவது தாள்களோடு போகும்படி பாருங்கள்.

பழைய செடிகள் யாருக்கு வேண்டும் என்று உங்கள் அண்ணன் கேட்டால் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி மலையைச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் 1991இல் அங்கே எடுத்த பதினேழு தாள்கள் இருக்கின்றன. 2022 நவம்பரில் அந்த இடம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பகுதியையும் சேர்த்து விட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. ஒரு மலையைக் காப்பாற்ற வேண்டிய நாளில் அங்கே முன்பு என்ன இருந்தது என்று ஒருவர் கேட்பார். அந்தப் பாறைகளின் மேல் வெயிலில் நடந்த ஓர் ஆசிரியை பெயரும் தேதியுமாகப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அதை எடைக்குப் போட்டால் கிலோவுக்கு என்ன கிடைத்துவிடும்?

சிலையைப் பற்றி நீங்கள் என் கருத்தைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாணவிகளின் அன்பில் குறை சொல்லவில்லை. தாவரவியலாளர்கள் எப்படி நினைவில் நிற்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். தலச்சேரியில் 1897இல் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, 1984இல் சென்னை அருகே மறைந்த ஜானகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ச்சி செய்து வளர்த்த மக்னோலியா மரங்கள் அவர் போன பிறகும் பூத்தன. அதில் ஒரு வகைக்கு அவர் பெயரே இருக்கிறது. ஜம்முவில் ஒரு ஹெர்பேரியம் அவர் பெயரால் நடக்கிறது. 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பல்லி ஒன்றுக்கு 'ஜானகியே' என்று பெயர் வைத்தார்கள். எல்லாமே அவருடைய வேலையோடு ஒட்டிய இடங்கள்.

சிலைக்குச் சேர்த்த பணத்தில் நல்ல இரும்பு அலமாரிகளும் தரமான தாளும் ஸ்கேனரும் வாங்கலாம். ஆனால் பணத்தைவிட மாணவிகளிடம் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. எழுபதுகளில் எடுத்த தாள்களில் 'சிறுமலை' என்று மட்டும்தான் இருக்கிறது. அப்போது கையில் ஜிபிஎஸ் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து மேலே ஏற பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று மாறும், செடி மாறும். அந்தப் பயணத்தில் கூடப் போன பெண்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநகர் வீட்டுக்கு அழையுங்கள். எந்த பஸ், எங்கே இறங்கினீர்கள், சாப்பாட்டை எந்த ஓடைக்கரையில் பிரித்தீர்கள், மிஸ் எந்த இடத்தில் உங்களை நிற்கவைத்துவிட்டுத் தனியாக ஏறினார் என்று கேளுங்கள். முதலில் அழுவார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு "பதினோராம் வளைவு, இல்லை பன்னிரண்டாம் வளைவு" என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'சிறுமலை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டலாம்: இன்னார் நினைவிலிருந்து சொன்னது, இந்தத் தேதியில். அவர்கள் காலமும் முடிந்துவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை.

அழுகை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். வரட்டும் அம்மா. வளர்த்தவருடைய கையெழுத்து அது. ஒரு நாளைக்குப் பத்துத் தாள் போதும், பதினொன்றாவதை எடுக்காதீர்கள். தனியாகவும் உட்காராதீர்கள், ஒரு மாணவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எண்ணைப் படிக்க, மற்றவர் நோட்டில் தேட வேண்டும். வைகாசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நாளைக்குப் பத்து என்றாலும் தை மாதத்துக்குள் 940 முடிந்துவிடும்.

நீங்கள் தேடப்போகும்போது 412 என்ற எண்ணைப் பாருங்கள். அந்தத் தாள் உங்கள் படங்களில் இல்லை. நான்காம் படத்தில் கோரைத் தாளுக்குப் பக்கத்தில் விரித்திருக்கும் நோட்டில் அந்த வரி தெரிகிறது. 'கடம்பு?' என்று எழுதியிருக்கிறார். மதுரையே கடம்பவனம், மீனாட்சி கோயிலின் தலமரம் கடம்பு. அந்த ஊரில் பிறந்த தாவரவியல் ஆசிரியை ஒரு கிளையை உடைத்து, கடம்பு என்று ஊரார் சொன்ன பிறகும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். வெண்கடம்பு ஒன்று, நீர்க்கடம்பு வேறு, மஞ்சக்கடம்பு வேறு, செங்கடம்பு இவை எதற்கும் உறவே இல்லாத வேறொன்று. தெரியாததைத் தெரியாது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். பெயர் கண்டுபிடித்துவிட்டால் சீட்டு ஒட்டுங்கள். அந்தக் கேள்விக்குறியை மட்டும் அழிக்காதீர்கள். எனக்கு உங்கள் அத்தையை அதில்தான் தெரிந்தது.

இப்போது ஐந்தாம் படம், கொன்றை நோட்டு. 1989 முதல் முப்பத்தேழு சித்திரைகள். ஒவ்வோர் ஆண்டும் முதல் பூ என்று விரிந்தது, எந்தக் கிளையில், முன் வாரம் மழை உண்டா இல்லையா. ஜப்பானில் கியோத்தோ நகரத்துச் செர்ரி மரங்கள் பூத்த நாள்கள் 812ஆம் ஆண்டு தொடங்கிப் பழைய நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. எழுதியவர்கள் பூக்காட்சி விருந்துக்காக எழுதினார்கள். 2021இல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாகப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு முந்திப் பூத்ததில்லை என்று அதை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. ஒரே மரத்தை ஒரே கண் முப்பத்தேழு ஆண்டு பார்த்த குறிப்பு நம் ஊரில் எத்தனை இருக்கும்? அந்த நோட்டை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் மாணவர்களும் பொதுமக்களும் இப்படித்தான் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரம் ஒருமுறை பார்த்துக் குறிக்கிறார்கள். அவர்களுக்கு இப்படிப்பட்ட நோட்டின் அருமை புரியும்.

1994ஆம் ஆண்டுப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சித்திரை 9. முதல் பூ. தெற்குக் கிளை. குழந்தை தூக்கிவிடச் சொல்லிப் பறித்துவிட்டாள்." ஆராய்ச்சிக்குத் தேவையில்லாத சொந்த விஷயம் என்று இந்த வரியை மறைக்க வேண்டுமா என்று படத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த ஆண்டு முதல் பூ மறுநாள் கிளையில் ஏன் இல்லை என்பதற்கு அதுதான் விளக்கம்.

வீட்டை வாங்குபவர் மரத்தை வைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் பத்திரப்பதிவு வைகாசியில்தான். அதற்குள் ஒரு சித்திரை வருகிறது. பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் காலையில் மரத்தைப் பாருங்கள். முதல் பூ விரிந்த நாளை அத்தையின் நோட்டிலேயே அடுத்த வரியில், உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயரோடு எழுதுங்கள். நான்கைந்து நாள் கழித்து, கொத்து பாதி விரிந்திருக்கும்போது, ஒரு முழம் கிளையை இலையோடு வெட்டுங்கள். சென்ற ஆண்டுக் காய் தொங்கினால் அதையும் எடுத்துத் தனியாகக் காகித உறையில் போட்டு அதே எண்ணைக் குறியுங்கள். கிளையைச் செய்தித்தாளில் பரப்பி, ஓர் இலையையாவது திருப்பி வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் தாளை மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் மஞ்சள் கறுத்துவிடும்.

லேபிளில் இடம் என்ற வரியில் திருநகர், வீட்டு வாசல், 1989 முதல் கவனிக்கப்பட்ட மரம் என்று அத்தையின் பெயரோடு எழுதுங்கள். எண்ணை மட்டும் 941 என்று போடாதீர்கள். அந்த வரிசை அவருடையது, அது அங்கே முடிந்துவிட்டது. சேகரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். எண் 1.